வில்லியனூரும் பாகூரும்: பள்ளிகளை எந்தப் படியால் அளப்பது?



புதுச்சேரி என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது கடற்கரைச் சாலையும், நேர்கோடு பிடித்தாற்போன்ற வீதிகளும், பிரெஞ்சுக் காலத்து மஞ்சள் நிறக் கட்டடங்களுமாகத்தான் இருக்கும். விடுமுறைக்கு வருவோர் அவற்றைக் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். ஆயினும் புதுவை அந்தக் கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. நகரத்தைத் தாண்டினால் வயலும் ஏரியும் வாய்க்காலுமாக விரிந்து கிடக்கும் மற்றொரு புதுவை உண்டு. அரியாங்குப்பம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், பாகூர் என்னும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளே அந்தக் கிராமப்புறப் புதுவை. ‘கொம்யூன்’ என்ற சொல் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது. இன்று அது அம்மக்களின் அன்றாடத் தமிழாகிவிட்டது.

இவற்றுள் வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டின் வழியாக உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால் நாம் காணப் போவது கோயில் கோபுரங்களையோ ஏரிக்கரைகளையோ மட்டுமன்று. அங்குள்ள பள்ளிக்கூடங்களையும், அவற்றை நம் மக்கள் எந்த அளவுகோலால் அளக்கின்றனர் என்பதையும் காணப் போகிறோம்.

*இரண்டு ஊர்கள்*

புதுவையிலிருந்து விழுப்புரம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. சென்றால் வில்லியனூர். சங்கராபரணி ஆற்றையொட்டிய பழைய ஊர். திருக்காமீசுவரர் கோயிலின் உயர்ந்த கோபுரம் ஒருபுறம். லூர்து மாதா ஆலயம் மறுபுறம். ஊரையடுத்த சுல்தான்பேட்டையில் நம் மக்கள் வாழும் தெருக்கள். மூன்று சமயத்தாரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகின்றனர். பிள்ளைகளும் ஒரே பள்ளிகளில் பயில்கின்றனர். இந்தக் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை முடிவு செய்யும் வாக்கெடுப்பு நடைபெற்றது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதையே விரும்பினர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே சென்றால் பாகூரை அடையலாம். புதுவையிலிருந்து கடலூர்ச் சாலையில் வந்து கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினாலும் அவ்வூரே. புதுவைப் பகுதி ஒரே துண்டாக அமைந்ததன்று. தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கிடையே தீவுகள்போல் சிதறிக் கிடக்கிறது. எங்கே புதுவை முடிந்து எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்பதைக் கடைப் பெயர்ப்பலகையில் உள்ள முகவரியைப் படித்தால்தான் அறிய முடியும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குத் தேவைப்படும்.

பாகூரின் செல்வம் அதன் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுவையில் பெரியது அதுவே. தென்பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் அங்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. ஊர் நடுவே சோழர் காலத்து மூலநாதர் கோயில் நிற்கிறது.

*செப்பேடு சொல்லும் செய்தி*

பாகூரின் பெருமைகளுள் பலரும் அறியாத ஒன்று உண்டு. 9 ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடு ஒரு கல்விக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறது. அன்று பாகூரில் ‘வித்தியாஸ்தானம்’ என்னும் உயர்கல்வி நிலையம் இயங்கி வந்தது. அங்குக் கற்போரும் கற்பிப்போரும் கவலையின்றி வாழ மூன்று ஊர்களின் வருவாய் அதற்கு அளிக்கப்பட்டது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஊர்ப் பொருளைக் கொண்டு கல்வியைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் வேரூன்றியிருந்தது.

எனினும் அந்தக் கல்விக்கூடம் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. அது வடமொழி வேத சாத்திரங்களைப் பயில்வோர்க்காக அமைந்தது. வயலில் நாற்று நட்டவளின் மகளுக்கு அங்கே இடமில்லை. அதே பாகூரில் இன்று எவர் வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றிப் படியேறக்கூடிய அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. மன்னன் செய்யாததை மக்களின் வரிப்பணம் செய்திருக்கிறது. அதன் அருமையை நாம் உணர வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் அலட்சியமாகப் பேசுவோர்க்கும் ஒரு செய்தி. பாவேந்தர் பாரதிதாசன் 1909 இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியேற்று, 1946 இல் ஓய்வு பெறும்வரை பிரெஞ்சிந்திய அரசுப் பள்ளிகளிலேயே பணியாற்றியவர். அவரிடம் பயின்ற கவிஞர் வாணிதாசன் 1915 இல் வில்லியனூரில் பிறந்து, பாகூரையடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தார்; அவரும் ஆசிரியரே. நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்யூன்களையும் இணைப்பது ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் வாழ்க்கை என்பது எவ்வளவு பொருத்தம்! பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கும் வழக்கமும் புதுவைக்குப் புதிதன்று. 1930 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நிர்வாகம் அதனைத் தொடங்கிவிட்டது.

*மே மாதப் பதாகைகள்*

இவ்வளவு பழமை வாய்ந்த கல்வி மண்ணில் இன்று பள்ளிகளை எவ்வாறு ஒப்பிடுகின்றனர்? மே மாதத்தில் வில்லியனூர்ச் சாலையிலோ கடலூர்ச் சாலையிலோ பயணம் செய்து பாருங்கள். பிள்ளைகளின் படங்களைத் தாங்கிய பதாகைகள் வழிநெடுக வரவேற்கும். ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்ற சொற்றொடரைப் படிக்காமல் நீங்கள் ஒரு கி.மீ. தொலைவைக் கடக்க முடியாது. அடுத்த வாரமே பள்ளி வண்டிகள் கிராமத்துத் தெருக்களில் நுழைந்து விண்ணப்பங்களை வழங்கத் தொடங்கிவிடும்.

நூறு என்ற எண்ணைக் கண்டு மயங்குவதற்கு முன், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஊரில் இரண்டு பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 24 பேர் பயின்றனர். அவர்களுள் படிப்பில் பின்தங்கிய அறுவரின் பெற்றோரை அழைத்து, “வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டனர். எஞ்சிய 18 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதினர். 18 பேரும் வென்றனர். தேர்ச்சி 100 சதவீதம்.

இரண்டாம் பள்ளி அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். எவரையும் வெளியே அனுப்பவில்லை. இருவர் குடும்பச் சூழலால் நின்றுவிட, 58 பேர் தேர்வெழுதி 50 பேர் வென்றனர். தேர்ச்சி 86 சதவீதம்.

பதாகையில் முதற்பள்ளியே சிறந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நம்பிச் சேர்த்த பிள்ளைகளை வைத்துக் கணக்கிடுங்கள். முதற்பள்ளி 24 பேரில் 18 பேரைக் கரை சேர்த்தது. அது 75 சதவீதம். அரசுப் பள்ளி 60 பேரில் 50 பேரைக் கரை சேர்த்தது. அது 83 சதவீதம். அளவுகோலை மாற்றியதும் வரிசையும் மாறிவிட்டது! வெளியேற்றப்பட்ட அந்த அறுவர் எங்கே போனார்கள்? பெரும்பாலும் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கே வந்திருப்பார்கள். அவர்கள் தோற்றால் அத்தோல்வி யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கிராமப்புறத்திற்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. சிறிய பள்ளியில் 20 பேர் தேர்வெழுதினால் ஒரே ஒரு பிள்ளை தவறினாலும் தேர்ச்சி 5 சதவீதம் இறங்கிவிடும். 200 பேர் எழுதும் நகரப் பள்ளியில் ஒருவர் தவறினால் குறைவது அரை சதவீதமே. தேர்வு நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், “அந்தப் பள்ளி இந்த வருஷம் கெட்டுப்போச்சு” என்று ஊர் பேசுகிறது. கெட்டது பள்ளியன்று, கணக்கு.

*இரண்டு மரக்கால்கள்*

புதுவைக்கெனத் தனித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகளில் முன்னரே நுழைந்திருந்த சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கும் 11 ஆம் வகுப்புக்கும் ஒரே சமயத்தில் கொண்டுவரப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணவர் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினர். தனியார் பள்ளிகள் பலவோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே நீடித்தன.

இதன் பொருள் என்ன? ஒரே தெருவில், அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு பாடநூல்களைப் படித்து, வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதி, வெவ்வேறு நாளில் முடிவு காண்கின்றனர். ஊரார் இரண்டு முடிவுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர்.

2025 ஆம் ஆண்டின் பொதுவான முடிவுகளையே பாருங்கள். தமிழ்நாட்டு வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 95.03 சதவீதம். அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 88.39 சதவீதம். ஆகவே தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 88 பெற்ற பள்ளி சராசரிக்கு ஏழு படி கீழே நிற்கிறது, சி.பி.எஸ்.இ. முறையில் 88 பெற்ற பள்ளி ஏறத்தாழ நாட்டுச் சராசரியில் நிற்கிறது. எண் ஒன்று, பொருள் இரண்டு! பத்தாம் வகுப்பிலோ இரண்டும் நெருங்கியே இருந்தன, தமிழ்நாட்டில் 93.80, சி.பி.எஸ்.இ.யில் 93.66. ஒருவர் மரக்காலால் அளந்ததையும் மற்றொருவர் படியால் அளந்ததையும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடும் வணிகர் எவரேனும் உண்டா? நம் பிள்ளைகளின் கல்வியில் மட்டும் நாம் அவ்வாறு செய்கிறோம்.

மேலும், முதன்முறை பொதுத்தேர்வெழுதிய அப்பிள்ளைகள் உயர்நிலை வகுப்புகளில் அப்பாடத்திட்டத்தைப் பயின்றது இரண்டே ஆண்டுகள். ஆசிரியர்களுக்கும் அது புதிய பாதையே. பாதை மாறிய ஆண்டில் ஓட்டக்காரனின் வேகத்தைப் பழைய பாதையில் ஓடியவனோடு ஒப்பிடுவது நீதியாகாது. அதே வேளையில், “புதிய பாடத்திட்டம்” என்ற ஒரே காரணத்தை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கப் பள்ளிகளுக்கும் உரிமையில்லை. காலம் கடக்கக் கடக்கச் சாக்கும் குறைய வேண்டும்.

*எல்லைக்கோட்டின் இருபுறமும்*

எல்லை எங்கிருக்கிறதென்றே தெரியாத நிலத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பாகூர்ப் பக்கத்தில் அண்ணன் வீடு புதுவையிலும் தம்பி வீடு கடலூர் மாவட்டத்திலும் இருப்பது அரிதன்று. அரசுப் பள்ளியில் பயின்றமைக்காகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உரிமைகள் இவ்விரு வீட்டிலும் வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 ஆம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. புதுவையிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023 ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் நெடுஞ்சாலையோரமாகவே எழுந்து நிற்கின்றன. அவற்றின் வாயிலைக் கடந்து அரசுப் பள்ளிக்குச் செல்லும் கிராமத்துப் பெண்ணுக்கு அக்கட்டடங்கள் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாகவே இருந்தன. இன்று ஒரு வாயில் சற்றே திறந்திருக்கிறது. எந்த வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பன போன்ற விதிகளை ஆண்டுதோறும் விண்ணப்பக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பதாகையைக் கண்டு பள்ளியை மாற்றியவர், பன்னிரண்டாம் வகுப்பில் அவ்வுரிமையை இழந்துவிட்டதை அறிந்து வருந்தும் நிலை வரலாகாது.

*இரண்டு வளையல்கள்*

இது வெறும் எண்களின் விவகாரமன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு சகோதரி, தம் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்த ஆண்டில் என்னிடம் வந்தார். கணவர் சுமை வண்டி ஓட்டுபவர். நடந்து செல்லும் தொலைவிலேயே அரசுப் பெண்கள் பள்ளி இருக்கிறது.

“ஹஜ்ரத், அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துல நூத்துக்கு நூறாம். ரெண்டு வளையலையும் அடகு வெச்சாவது சேர்த்துடலாம்னு இருக்கேன்” என்றார்.

“அந்த நூறு எத்தனை பேர்ல நூறுன்னு கேட்டீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் சென்று கேட்டிருக்கிறார். தேர்வெழுதியவர் 19 பேர். அதற்கு முந்திய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டபோது, அலுவலகத்தில் விடை கிடைக்கவில்லை. அரசுப் பள்ளிக்கும் சென்றார். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து, சேர்ந்தவர், நின்றவர், தோற்றவர் அனைவரையும் எண்ணிக் காட்டி, “ஆங்கிலத்துல பிள்ளைங்க தடுமாறுறாங்கம்மா, அதை மறைக்க மாட்டேன்” என்றாராம். குறையை மறைக்காதவரிடமே பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று அந்தச் சகோதரி முடிவு செய்தார்.

மகள் இப்போது எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். அறிவியல் பாடத்தை ஆங்கிலத்தில் படிப்பது அவளுக்கு இன்னும் எளிதாகிவிடவில்லை. அதே தெருவில் கல்லூரிக்குச் செல்லும் ஒரு பெண் மாலையில் சொல்லிக் கொடுக்கிறாள். வளையல்கள் தாயின் கையிலேயே இருக்கின்றன. கல்லூரிச் செலவுக்கு அவை தேவைப்படும்.

மஃரிபுக்குப் பின் எங்கள் மதரஸாவில் ஒரே பாயில் மூன்று நான்கு பள்ளிகளின் பிள்ளைகள் அமர்கின்றனர். பாடம் முடிந்ததும் சில நாள்களில் தமிழ் நாளிதழின் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வேன். நீண்ட கட்டணம் செலுத்தும் பிள்ளை திக்கித் திணறுவதையும், கட்டணமே இல்லாத பள்ளியின் பிள்ளை தடையின்றிப் படிப்பதையும் கண்டிருக்கிறேன். அதற்கு நேர்மாறாகவும் கண்டிருக்கிறேன். சீருடையின் நிறத்தை வைத்துப் பிள்ளையின் கல்வியை என்னால் ஒருநாளும் ஊகிக்க முடிந்ததில்லை.

நம் சமுதாயத்தைப் பற்றி வெளியே ஒரு தவறான எண்ணம் உண்டு. முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் மதரஸாவிலேயே பயில்வதாகப் பலர் கருதுகின்றனர். 2006 ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை அதனை மறுத்தது. முழுநேர மதரஸாக்களில் பயில்வோர் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் மட்டுமே. ஏனையோரின் எதிர்காலம் ஊர்ப் பள்ளிகளிலேயே இருக்கிறது. ஆகவே அரசுப் பள்ளியின் உயர்வும் தாழ்வும் நம் வீட்டு விவகாரமே.

*பெற்றோர் கேட்க வேண்டியவை*

பள்ளிகளை ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டும். அரசுப் பள்ளி என்பதற்காகவே குறைகளை மூடி மறைப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்குதான். நேர்மையாக ஒப்பிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். திருக்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அல்முதஃப்பிஃபீன்’, அதாவது அளவையில் மோசடி செய்வோர் என்பதாகும். அளவையில் நேர்மை நெல்லுக்கும் துணிக்கும் மட்டும் உரியதன்று.

இங்கிலாந்து நாடு 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டு வருகிறது. வசதி படைத்த பகுதிப் பள்ளிகள் மேலேயும் ஏழைப் பகுதிப் பள்ளிகள் கீழேயும் நின்றன. பள்ளி என்ன செய்தது என்பதை அப்பட்டியல் காட்டவில்லை; எத்தகைய பிள்ளைகள் அங்குச் சேர்ந்தனர் என்பதையே காட்டிற்று. வேல்ஸ் பகுதி 2001 இல் அப்பட்டியலையே கைவிட்டது. இங்கிலாந்து பின்னர், பிள்ளை நுழைந்தபோது எந்நிலையில் இருந்தது, வெளியேறும்போது எவ்வளவு உயர்ந்தது என்பதை அளக்கும் முறைகளை வகுத்தது. 2016 இல் வந்த ‘புரோகிரஸ் 8’ அவற்றுள் ஒன்று. நாமும் அவ்வழியில் சில எளிய வினாக்களைக் கேட்கலாம்.

முதலாவது: சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதினர்?

இரண்டாவது: ஓர் ஆண்டின் முடிவு போதாது, ஐந்து ஆண்டு முடிவுகள் ஏறுமுகமா, இறங்குமுகமா?

மூன்றாவது: எந்த வாரியம்? அந்த வாரியத்தின் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டால் பள்ளி எங்கே நிற்கிறது?

நான்காவது: கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றிற்குக் கல்வியாண்டின் தொடக்கம் முதல் ஆசிரியர் இருந்தாரா? நடுவில் மாறுதலாகிச் சென்ற இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது?

ஐந்தாவது: பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுள் எத்தனை பேர் பதினோராம் வகுப்பில் சேர்ந்தனர்? கழிப்பறையும் தண்ணீரும் உண்டா? மாலையில் வீடு திரும்பும் வழி பாதுகாப்பானதா?

ஆறாவது வினாவை உங்கள் வீட்டிலேயே கேட்கலாம். 2005 முதல் இந்தியக் கிராமங்களில் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின் முறை மிக எளியது. பள்ளிக்குச் செல்லாமல் வீட்டுக்கே சென்று, பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர். நாடு முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் அதனைப் படிக்க முடிந்தவர் 2018 இல் 50.5 சதவீதம், கொரோனாவுக்குப் பின் 2022 இல் 42.8, 2024 இல் 48.8. பாதிப் பிள்ளைகள் மூன்று வகுப்புகள் பின்தங்கியிருக்கின்றனர் என்பது இதன் பொருள். உங்கள் பிள்ளை எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை இன்றிரவே நீங்கள் அறிந்துகொள்ளலாம். அதற்குப் பதாகை தேவையில்லை. ஒரு பாடநூல் போதும்.

“எனக்கே படிக்கத் தெரியாதே” என்று தயங்கும் தாய்மாரும் உண்டு. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி புதுவையின் எழுத்தறிவு 85.85 சதவீதம், ஆண்களில் 91.26, பெண்களில் 80.67. அதாவது பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எழுத்தறியாதவராக இருந்தார். தயக்கம் வேண்டாம், சகோதரிகளே! பிள்ளை தடையின்றிப் படிக்கிறதா, தடுமாறுகிறதா என்பதைக் காது அறியும்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அரசுப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினருள் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க ‘யூடைஸ்’ எண் உண்டு. அதனைக் கொண்டு பள்ளியின் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையை அரசு இணையதளத்தில் பார்க்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் உங்கள் மகனோ மகளோ சில நிமிடங்களில் எடுத்துத் தருவார்கள்.

*ஊரின் கையில் ஒரு பதிவேடு*

ஒரு சிற்றூரில் அரசுப் பள்ளி வலுவிழந்தால் நிகழ்வது என்ன? முதலில் வசதியுள்ளவரின் பிள்ளைகள் வெளியேறுகின்றனர். அடுத்து, கடன் வாங்கத் துணிந்தவரின் பிள்ளைகள். மாணவர் எண்ணிக்கை குறைகிறது. ஆசிரியர் இடம் குறைகிறது. ஒருநாள் அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கப்படுகிறது. ஆண் பிள்ளை மிதிவண்டியில் அடுத்த ஊருக்குச் செல்வான். பெண் பிள்ளையை, “அவ்வளவு தூரம் எதுக்கு?” என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். தவறான ஒப்பீட்டின் விலையை இறுதியில் செலுத்துபவள் அவள்தான்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணப் பதிவேட்டைப் பேணுவதுபோல் கல்விப் பதிவேடு ஒன்றையும் பேணுங்கள். நம் தெருப் பிள்ளைகளுள் யார் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில்? சென்ற ஆண்டு ஒன்பதில் இருந்தவர் இவ்வாண்டு பத்தில் இருக்கிறாரா? இல்லையெனில் ஏன் இல்லை? ஒரு நோட்டுப் புத்தகமும், மாதம் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும். சமயம் பாராமல் தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அதில் எழுதுங்கள். ஏனெனில் பள்ளி எல்லோருக்கும் பொதுவானது. அந்தப் பதிவேட்டை மேலாண்மைக் குழுவின் கூட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். பதாகைகள் சொல்லாத உண்மையை அது சொல்லும்.

அடுத்த முறை புதுவைக்கு வரும்போது கடற்கரையைக் கண்டபின் ஒரு நாளை இக்கிராமங்களுக்கும் ஒதுக்குங்கள். பாகூர் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் நில்லுங்கள். பள்ளி விட்டு, பையைத் தோளில் சுமந்து சிரித்துப் பேசியபடி வரப்பில் வரிசையாகச் செல்லும் பெண் பிள்ளைகளைக் காண்பீர்கள். அவ்வரிசை பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் பன்னிரண்டுக்கும் கல்லூரிக்கும் நீள வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நேர்மையான அளவையையும் நல்லெண்ணத்தையும் அருள்வானாக! ஆமீன்.